கெண்டைக்கால் காண்டம்

ஜூன் 9, ஞாயிறு

உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இதுவரை ஒரு வரி எழுதவில்லை. ஜனவரி தொடங்கி ஜூன் வரை, திருமலைக்கொழுந்து பேனாவைத் திறக்கிற அளவுக்கு உலகத்தில் எதுவும் நடக்கவில்லை. இன்றைக்கு நடந்துவிட்டது.

பிற்காலத்தார் கேட்பார்கள் என்பதால் முதலில் அறிமுகம். வயது அறுபத்தொன்று. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலகரத்தில் நான் ஏறாத கம்பம் இல்லை. என் செருமல் கேட்டால் டிரான்ஸ்பார்மர்கள் முனகலை நிறுத்திக்கொள்ளும். இப்பேர்ப்பட்டவன் இன்று காலை பின்கட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். குற்றாலத்துச் சாரல் மலையிலிருந்து மெனக்கெட்டு இறங்கிவந்து என் வழுக்கையில் மட்டும் குறிபார்த்து விழுந்தது. பிரஷ்ஷை வழக்கமான பித்தளைக் கப்பில் முக்கி எடுக்கும்போது, என் மனைவி ஆவுடையம்மாளும் என் அக்கா மகள் பிரமநாயகியும் ஜோடியாக வந்து நின்றார்கள். பிரமு, பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தென்காசியில் இருந்து பேசினாலே மேலகரத்தில் விசில் ஊதினமாதிரி கேட்கும்.

"மாமா, அத்தை சாரல் ஓட்டத்துக்குப் பேரு குடுத்திருக்கா. பத்து கிலோமீட்டர். ஜூலை இருபத்தொண்ணு."

"நடையா?"

"ஓட்டம்."

"யாரைத் துரத்திக்கிட்டு?"

"யாரையும் துரத்தல" என்றாள் ஆவுடை. "நானா ஓடுதேன்."

தென்காசியில் கிளம்பி, எங்கள் மேலகரம் வழியாகக் குற்றாலம் போய், திரும்பித் தென்காசியில் முடிக்கவேண்டுமாம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கெடு. அதற்குள் வந்தால் மெடல். தாண்டினால் ஒரு வாழைப்பழம்.

நான் சிரித்தேன். சாதாரணச் சிரிப்பில்லை. பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த குரங்குகள் திரும்பிப் பார்த்திருக்கும். ஆவுடை சிரிக்கவில்லை. "சிரிச்சு முடிச்சாச்சுன்னா தாடையத் தொடைங்க. ரத்தம் வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 10, திங்கள்

காலை ஐந்து மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். தெருவிளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று பார்க்க நான் தற்செயலாக வாசலில் நின்றேன். ஐம்பது நிமிடம் பார்த்தேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

ஜூன் 12, புதன்

ஆவுடையின் கால்கள் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டன. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. வாசல்படி மூன்றையும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குகிறாள். "விட்டுத் தொலையேன்" என்றேன். பதிலுக்கு மாவாட்டும் கல்லைப் பார்த்தாள். தூக்கும் நிலையில் அவள் இல்லை என்பதால் நான் இன்று டைரி எழுதுகிறேன்.

சாயங்காலம் பிரமு ஒரு பையோடு வந்தாள். உள்ளே விரல் நீளத்தில் நாலு குப்பிகள்: யூகலிப்டஸ் தைலம், புதினாத் தைலம், எலுமிச்சம்புல் தைலம், லாவெண்டர். கூடவே ஒரு பாட்டில் நல்லெண்ணெய்.

"ஓடிட்டு வந்து, வேர்வை அடங்கினதும் தேய்க்கணும். ரெண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய்க்கு நாலு தைலமும் சேத்துப் பன்னிரண்டு சொட்டு. மேல ஒரு சொட்டு கூடாது. கணுக்கால்ல ஆரம்பிச்சு முழங்காலப் பாத்து, கீழ இருந்து மேல. அரைமணி கழிச்சு வெந்நீர்க் குளி. தசை இளகும், மறுநாளு ஓட முடியும்."

"சரி. யாரு தேய்க்கது?"

இருவரும் என்னையே பார்த்தார்கள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நானும் திரும்பிப் பார்த்தேன். இல்லை.

"தன் கெண்டைக்காலத் தானே அழுத்தமா தேய்க்க முடியாது மாமா. குனிஞ்சா அங்கயும் இழுக்கும். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நீங்கதான்."

என் நிலைமையை வரலாறு புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தெருவில், மனைவி கோலம் போடும்போது தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் இருக்கிறார். ஒரே ஒரு நாள்தான் பிடித்தார். அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்றுவரை அவருக்குப் பெயர் 'வாளி'. கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். வாளிக்கே இந்தக் கதி என்றால், பெண்டாட்டியின் காலை மடியில் வைத்துத் தைலம் தேய்க்கிறவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? அதிலும் முக்கு டீக்கடையில் சண்முகசிகாமணி இருக்கிறான். என்னோடு மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். ஊரில் பாதிப் பட்டப்பெயர்கள் அவன் நாக்கில் தயாரானவை.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஜூன் 13, வியாழன்

யோசித்தேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்தால் யாருக்குத் தெரியும்?

சாரல் காலத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கதவுகள் நனைந்து உப்பிவிடும். தெருப்பக்க ஜன்னலைத் தோளால் முட்டி, முதுகால் தள்ளி, கடைசியில் பின்னோக்கி ஓடிவந்து இடித்துச் சாத்தினேன். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் நாலு பேர் என்ன விழுந்தது என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களை அனுப்பிவைத்துவிட்டு வைத்தியத்தில் இறங்கினேன்.

பன்னிரண்டு சொட்டு என்று சொல்லியிருந்தாள். பதினோராயிரம் வோல்ட்டைக் கையாண்டவன் நான். சொட்டுக் கணக்கு எனக்குக் கேவலமாகப் பட்டது. ஒவ்வொரு குப்பியிலும் ஒரு மூடி ஊற்றினேன். கலவை தயாரானதும் நாசிக்குள் ஒரு மின்னல் வெட்டியது. ஐந்தருவி ஆறாவது கிளை திறந்துகொண்டு ஓடியிருக்கும். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, பாவூர்சத்திரம் பக்கமாகப் போனது.

தேய்த்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"ஏங்க, குளுருது."

"நல்லது."

"ஏங்க, எரியுது."

"ரொம்ப நல்லது. வேலை செய்யுது."

"ஏங்க, தீ வச்சிட்டியளா?"

தண்ணீர் ஊற்றினால் அடங்கும் என்று ஒரு குடம் ஊற்றினேன். அடங்கவில்லை. பதற்றத்தில் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதன்பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை; கேட்டேன். ஆவுடை போனில் பிரமுவைக் கூப்பிட்டாள். "தண்ணி ஊத்தாதிய. வெறும் நல்லெண்ணெயத் தடவித் துடைங்க" என்று போன் கத்தியது. எரிகிற காலோடு ஆவுடை நடந்துபோய், நல்லெண்ணெய் எடுத்துத் தன் காலையும் துடைத்து, என் கண்ணோரத்தையும் துடைத்துவிட்டாள்.

"நாளைக்குச் சொட்டை எண்ணிப் போடுங்க" என்றாள்.

நாளைக்கு என்றாள். கவனிக்க வேண்டும்.

ஜூன் 15, சனி

பன்னிரண்டு சொட்டு. நானே எண்ணினேன், ஆவுடை சரிபார்த்தாள். முதலில் உள்முழங்கையில் தடவிப் பார்த்து, பத்து நிமிடம் பொறுத்து, பிறகு கால்.

"சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காப்ல தடவாதிய. கொஞ்சம் அழுத்துங்க. அங்க இல்ல, அது எலும்பு. கெண்டைக்கால் எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியாது என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. தேடிக் கண்டுபிடித்தேன். ஓவர்லோடு ஆன கம்பி மாதிரி முறுக்கேறிக் கிடந்தது. உள்ளங்கையால் கீழிருந்து மேலாக ஏற்றி, கட்டை விரலால் வட்டம் போட்டதில், கால் மணி நேரத்தில் சப்ளை சீரானது. ஆவுடை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். எழுப்பாவிட்டால் வெந்நீர் ஆறிவிடும் என்று தெரிந்தும் எழுப்பவில்லை. வெந்நீரை இன்னொரு தடவை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 17, திங்கள்

விபரீதம். டீக்கடைக்குப் போனதும் சிகாமணி மூக்கைச் சுருக்கினான்.

"என்னவே கொழுந்து, மருந்துக்கடைய விழுங்கிட்டு வந்தீரா? தெருவே மணக்கு."

கையை எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் யூகலிப்டஸ் போவேனா என்கிறது. அந்த ஒரு வினாடியில் என் மூளை வேலை செய்த வேகத்துக்கு மீட்டர் வெடித்திருக்க வேண்டும்.

"எனக்குத்தான்வே. சாரல் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கேன். கால்ல பிடிப்பு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"நீரா?"

"ஏன், நான் ஓடக்கூடாதா?"

"ஓடும்வே. நல்லா ஓடும். உம்ம வீட்டம்மா காலையில நடந்து போறதப் பாத்தேன். நீரு எப்பம் ஓடுதீரு?"

"நீரு எந்திரிக்கதுக்கு முன்னால."

எழுந்து வரும்போது, சொன்னதற்குத் தோதாக நாலு அடி நொண்டினேன். நல்ல நொண்டல். கண்ணீர் வரவழைக்கும் தரம்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று வலது காலில் நொண்டினேன். நேற்று நொண்டியது இடது கால் என்பது சிலருக்கு நினைவிருக்கிறது. மறவாமல் இருக்க இங்கே குறித்து வைக்கிறேன்: இடது. இடது. இடது.

ஜூன் 23, ஞாயிறு

ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டாள். நிற்காமல். பிரமு வாசலிலேயே அறிவித்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்ததாகப் பிரமு சொல்வது அவதூறு.

தேய்க்கும்போது பார்த்தேன், இடது குதிகால் ஓரம் ஒரு பழைய தழும்பு. அரை விரல் நீளம்.

"இது எப்பம் பட்டது?"

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போது. கருவமுள்ளு. வெறுங்காலோட ஓடுவோம்லா."

முப்பத்து மூன்று வருஷமாக என் வீட்டுக்குள் நடந்த கால். மேலகரத்தில் எந்தக் கம்பத்தில் எத்தனை இன்சுலேட்டர் விரிசல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தத் தழும்பு எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. ஷூ ஒரு அளவு சின்னது. நாளைக்கு மாற்ற வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

ஷூ மாற்றியாயிற்று. கடைக்காரர் அளவு கேட்டார். நான் சாண் போட்டுக் காட்டினேன். சரியாக இருந்தது. பத்து நாள் தேய்த்த கைக்கு அளவு தெரியாதா?

பிரமு பின்கட்டில் கை கழுவும்போது என் சவரக் கப்பை எடுத்துப் பார்த்தாள். வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"மாமா, இதுல என்னமோ எழுதியிருக்கு."

சோப்பு ஏறிப் பச்சை பிடித்த எழுத்து. பிரமு நகத்தால் சுரண்டிச் சுரண்டி வாசித்தாள். மாவட்ட விளையாட்டு விழா. எண்ணூறு மீட்டர். இரண்டாம் பரிசு. 1987.

"அத்தை, இது உன்னுதா?"

ஆவுடை சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். "அதுவா. கல்யாணத்துக்கு வரும்போது பெட்டியில கெடந்துச்சு. இவுக ஒரு நாளு பிரஷ் வைக்க ஏதாவது குடுன்னு கேட்டாக. குடுத்தேன்."

மறுபடி மிக்ஸியைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது.

ஜூன் 28, வெள்ளி

சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது. குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளையைத் தேய்த்தால் இரண்டு மணி நேரத்தில் பச்சை போய்விடுகிறது, எழுத்து மட்டும் போகாமல் நிற்கிறது. டிவி மேல் என் பணிநிறைவுக் கேடயம் இருக்கிற இடம் அகலமானதுதான். பக்கத்தில் இன்னொன்று வைக்கலாம்.

ஆவுடை கேட்டது: "பல்லு விளக்குத டம்ளர்ல ஏன் சோப்பு நுரை?"

ஜூலை 2, செவ்வாய்

டீக்கடை கிளப்பிய கதை ஆவுடை காதுக்குப் போய்விட்டது. ரேஷன் கடை வரிசையில் நாலு பெண்கள், "உங்க வீட்டுக்காரரு ஓட்டப்பந்தயத்துல ஓடுதாராமே, கால்ல பிடிப்பாமே" என்று கேட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு ஏழு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலை முட்டிச் சாத்திவிட்டு எண்ணெயோடு போனேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நான் ஓடுததை நான் ஒளிக்கல. நீங்க எதுக்கு ஒளிக்கிய?"

"ஒளிக்கல. ஊரு ஒரு மாதிரி பேசும்லா."

"முப்பத்து மூணு வருஷமா நீங்க கம்பத்துல ஏறிட்டு வந்து காலை நீட்டுவிய. நான் அமுக்கிவிடுவேன். அன்னைக்கு எந்த ஜன்னலைச் சாத்துனிய?"

அதற்கு நான் சொன்ன பதில் மிகச் சிறப்பானது. இடம் போதாததால் இங்கே எழுதவில்லை.

ஜூலை 3, புதன்

தைலம் வேண்டாமாம்.

ஜூலை 4, வியாழன்

வேண்டாமாம். குனிந்து தானே தேய்க்கப் பார்த்தாள். கை கணுக்காலோடு நின்றுவிட்டது. நான் பேப்பர் படித்தேன். நேராகத்தான் பிடித்திருந்தேன். ஒரு வரி ஏறவில்லை.

ஜூலை 5, வெள்ளி

இன்று ஓடவில்லை. படியில் மறுபடி நண்டு நடை. பிரமு என்னைப் பார்த்து, "இப்படியே போனா இருபத்தொண்ணாந் தேதி ஓட முடியாது மாமா" என்றாள். யார் காரணம் என்று அவள் கேட்கவில்லை. டீச்சர்கள் அப்படிக் கேட்காமல் இருப்பதுதான் ஆகக் கொடுமை.

சாயங்காலம் சொட்டை எண்ணிக் கலக்கினேன். பன்னிரண்டு. கொண்டுபோய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அறுபத்தொரு வயதில் தரையில் உட்காருவது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று என் முழங்கால் இரண்டும் சத்தமாகவே அறிவித்தன. அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள். அப்புறம் காலை நீட்டினாள்.

"ஜன்னல் தெறந்திருக்கு" என்றாள்.

எழுந்துபோய்ச் சாத்தினேன். பழக்கதோஷம். சாத்திவிட்டுத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், அவள் அதைச் சாத்தச் சொல்லிச் சொல்லவில்லை என்று பட்டது. ஆனால் அந்த ஜன்னலை ஒரு முறை சாத்தினால் லேசில் திறக்க வராது.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்பது கிலோமீட்டர், தொண்ணூற்றிரண்டு நிமிடம். கணக்குப் போட்டால் பத்துக்கு நூற்றிரண்டு. கெடு நூற்றைந்து. பாக்கி மூன்றே நிமிடம். செருப்பு வார் அறுந்தால் போச்சு. ஆவுடை கெட்டிக்காரி; ஷூதான் போடுகிறாள்.

ஜூலை 18, வியாழன்

பேரழிவு. டீக்கடை வாசலில் பிளக்ஸ் வைத்துவிட்டான் சிகாமணி. எட்டடி உயரம். நான் பணிநிறைவு நாளில் மாலையோடு எடுத்த போட்டோ. பக்கத்தில் ஒரு சிறுத்தை பாய்கிறது. கீழே: "சாரல் ஓட்டத்தில் சீறிப் பாயும் மேலகரத்தின் சிறுத்தையே, வருக". இன்னும் கீழே, பொடி எழுத்தில், டீக்கடை நண்பர்கள் இருபத்தாறு பேர். அவர்களில் ஒருவர் வாளி.

"என்னவே இது?"

"உமக்கு ஒரு உற்சாகம் வேண்டாமா? எட்டாவது கிலோமீட்டர் சரியா நம்ம கடை வாசல்லதான்வே வருது. நாங்க இங்கயே நின்னு கைதட்டுவோம்."

ஓடாமல் தப்பிக்க ஒரே வழிதான். அங்கேயே காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தேன். தசை கிழிந்துவிட்டது என்று அறிவித்தேன். இருபத்தாறு பேரும் உச்சுக் கொட்டினார்கள். சிகாமணி கண்ணில் ஈரம் மாதிரி ஒன்று. எனக்கே கொஞ்சம் துக்கமாகப் போய்விட்டது.

ஜூலை 20, சனி

நாளை. முடிக்கணும் என்று மட்டும் சொன்னாள், தட்டைக் கழுவிக்கொண்டே. "மெடலுக்கு இல்ல. எண்ணூறு மீட்டர்ல ரெண்டாவதா வந்தேன்லா. அடுத்த வருஷம் மொதல்ல வாறேன்னு டீச்சர்ட்டச் சொல்லியிருந்தேன். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல."

லேசாக, அழுத்தாமல், பத்து நிமிடம் மட்டும் தேய்த்தேன். பந்தயத்துக்கு முந்தின நாள் முரட்டுத்தனம் கூடாது என்பது பிரமுவின் உத்தரவு.

ஜூலை 21, ஞாயிறு

இன்று நடந்ததை மிகைப்படுத்தாமல் எழுதப்போகிறேன். எனக்கு இது முதல் தடவை.

ஆறு மணிக்குத் தென்காசியில் ஓட்டம் கிளம்பியது. நான் வலது காலில் முழங்கால்வரை நீளத் துணிக்கட்டு போட்டு, ஒரு கம்பை ஊன்றி, டீக்கடை பெஞ்சில் என் சிறுத்தைக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் நல்லெண்ணெய் கலந்த தைலக் குப்பி, வேஷத்துக்குப் பொருத்தமாக. கட்டு இடது காலில் போட்டிருக்க வேண்டும். டைரியை மூன்று தடவை வாசித்தும் தப்பு நடந்துவிட்டது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

ஆறு இருபதுக்கு ஆவுடை கடையைத் தாண்டிக் குற்றாலம் பக்கம் போனாள். பனியன் சட்டை, கீழே சுடிதார்க் கால்சட்டை, நெஞ்சில் நம்பர். 417.

சிகாமணி டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றான். "ஓய், அது உம்ம வீட்டம்மா இல்ல?"

"ஆமா."

"அவங்க ஓடுதாங்களா?"

"ஒரு வீட்டுல ஒருத்தராவது ஓடணும்லா" என்று சமாளித்தேன்.

ஏழு இருபதுக்குத் திரும்பி வந்தாள். சொன்னால் சொன்ன கணக்கு. கூட ஓடுகிற பிரமு பத்தடி முன்னால். கடைக்கு எதிர்ப்புறம் வரும்போது அந்த ஓட்டத்தில் ஒரு வெட்டு விழுந்தது. இன்னும் இரண்டு அடி வைத்தாள். நின்றாள். இடது காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

தூரத்தில் இருந்தே எனக்குத் தெரிந்தது. கெண்டைக்கால், வெளிப்பக்கம், நடுவுக்கு இரண்டு விரல் மேலே. தினமும் முடிச்சு விழுகிற அதே இடம். அவள் முகம் சுருங்கியது வலியில் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

பிறகு நடந்ததில் எனக்குப் பங்கில்லை; என் கால்கள் செய்தன. கம்பு எங்கே போனது என்று தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிய ஞாபகம் இல்லை. கட்டு அவிழ்ந்து பின்னால் வாலாக வர, ரோட்டின் குறுக்கே ஓடினேன். ஒரு மினிபஸ் பிரேக் அடித்தது. அதன் முன்னால் எட்டு வயதுப் பையன் மாதிரிக் குதித்துப் போனேன் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

சாரலில் நனைந்த தார் ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அவள் காலை எடுத்து என் மடியில் வைத்தேன்.

"ஏங்க, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். விரலை மேல தூக்கு. முகத்தைப் பாத்து இழு. அப்படித்தான்."

பாதத்தை ஒரு கையால் மடக்கிப் பிடித்தேன். மறுகைக்குத் தைலம் வேண்டும். குப்பி பெஞ்சில். திரும்பினால், சிகாமணி அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் டீக்கடை முழுவதும். அவர்களுக்கும் பின்னால், எட்டடி உயரத்தில் நான், மாலையோடு.

"ஓய் கொழுந்து" என்றான், மெதுவாக. "உமக்கு நொண்டின காலு எதுவே?"

"இதுதான்வே" என்றேன், கையை எடுக்காமல். "என் மடியில இருக்குலா. இத்தனை நாளும் இந்தக் காலுதான்."

கணுக்காலில் இருந்து முழங்காலுக்கு, கீழிருந்து மேலே. வாசனை கிளம்பியதும் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு மாதமாக அவர்கள் மூக்கில் இருந்த வாசனைதானே. கட்டை விரலுக்குக் கீழே முடிச்சு முதலில் கல்லாக இருந்தது. அப்புறம் களிமண். அப்புறம் மாவு. ஷூவை மாட்டி நானே கயிறும் கட்டினேன்.

"நாலு நிமிஷம் போச்சு" என்றாள் பிரமு. "அத்தை, இருபத்தோரு நிமிஷம் இருக்கு."

ஆவுடை எழுந்து, காலை ஊன்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எண்ணெய்க் கையால் நான் எப்போதோ என் தலையைத் தடவியிருக்கிறேன்; முந்தானை இல்லாததால் சட்டை நுனியால் அதைத் துடைத்துவிட்டாள். ஊரே பார்க்க. பிறகு ஓடினாள்.

நானும் பின்னால் ஓடினேன். சிறுத்தை ஒரு பர்லாங் சீறிப் பாய்ந்து, ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் படுத்துவிட்டது. பக்கத்தில் சிகாமணியின் மொபெட் வந்து நின்றது.

"ஏறும்வே."

ஒரு மணி நாற்பத்து நாலு நிமிடம் பத்து வினாடி. நான் பார்த்தேன். மொபெட் எல்லைக்கோட்டுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. ஆனால் மெடலை அவளுக்குத்தான் கொடுத்தார்கள்.

ஜூலை 22, திங்கள்

காலையில் டீக்கடைக்குப் போனேன். கிளாஸை நீட்டிய பையன், "தைலம் தாத்தாக்கு ஒரு சக்கரை கம்மி" என்று உள்ளே குரல் கொடுத்தான். ஆக, பெயர் வைத்தாகிவிட்டது. ஒரே இரவில் தெரு முழுக்கப் பாய்ந்திருக்கிறது. வாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெடுநாள் தனியாக இருந்தவர், பாவம்.

மெடல் பித்தளைக் கப்பின் கழுத்தில் தொங்குகிறது. என் கேடயத்தைக் கொஞ்சம் ஓரம் தள்ளிவைத்தது யார் என்று தெரியவில்லை.

பிற்பகல் பின்கட்டுப் பக்கமாக ஒரு செருமல். சிகாமணி. வாசல் வழியாக வராமல் வேலியோரம் சுற்றி வந்திருக்கிறான். உள்ளே வந்து உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசினான், மின்வெட்டைப் பற்றிப் பேசினான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

"வே, எங்க வீட்டுல அவளுக்கு ஒரு வருஷமா பின்னங்கால்ல இழுக்கு. நடைக்குப் போனா ராத்திரி தூங்க முடியல. அந்தச் சொட்டுக் கணக்கு என்னது?"

நான் நாலு குப்பியையும் நல்லெண்ணெயையும் கொண்டுவந்து வைத்தேன். உள்ளே ஆவுடை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செயல்விளக்கம் தரச் சம்மதம். சிகாமணி எழுந்து போய்த் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தான். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. எதிர்வீட்டில் இரண்டு பேர் நின்றார்கள்.

"கொழுந்து, முதல்ல அந்த ஜன்னலைச் சாத்தும்."

"அது சாத்த வராதுவே" என்றேன். "சாரல்ல உப்பிப்போச்சு."

ஆவுடை என்னைப் பார்த்தாள். நான் குப்பியைச் சாய்த்துச் சொட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.